இரண்டு சதவீதத்தில் கூத்து வளர்ப்பது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ தேர்வாய்க்கண்டிகையிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ உங்களுக்கு ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அதற்கு ஓர் அறக்கட்டளையும் இருக்கிறது, பெரும்பாலும் நிறுவனரின் தாயார் பெயரில். பிப்ரவரி பிறந்துவிட்டது. கணக்கில் செலவழியாத பணம் கிடக்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டியாயிற்று, ஏரிக்கரையில் மரக்கன்று நட்டாயிற்று, கண் சிகிச்சை முகாமும் போன மாதமே முடிந்தது. மேலிடத்திலிருந்து ஒரு வரி வருகிறது: இந்த வருஷம் கலைக்கு ஏதாவது செய்யலாமே? கவலை வேண்டாம். கீழே சொல்லியிருப்பதைக் கடைப்பிடித்தால், எந்தக் கலையையும் அதிகம் வளர்த்துவிடாமல் மார்ச் 31-க்குள் காரியத்தை முடித்துவிடலாம்.

முதலில் சட்டத்துக்கு ஒரு கும்பிடு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டால் போதும், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட்டாக வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்பதற்கு ஏழாம் அட்டவணை. பசி, மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் எல்லாம் முதல் பந்தியில் உட்கார்ந்து எழுந்த பிறகு, ஐந்தாவது இலைக்கு முன்னால் பழங்காலக் கட்டடங்களும் பொது நூலகமும் கலையும் கைவினையும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. தொழிற்சாலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது அதே சட்டம். ஆகவே, மயிலாப்பூர் சபாவில் டிசம்பர் கச்சேரிக்குப் பின்னால் உங்கள் பேனர் தொங்க வேண்டும் என்ற ஆசையை இந்தக் கணக்கில் கொண்டுவராதீர்கள். விளம்பர லாபத்துக்காகக் கொடுக்கும் பணம் இந்தக் கணக்கில் சேராது என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு நம்மை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்து, எந்தக் கலை என்ற கேள்வி. சுவரோவியம் நல்ல யோசனைதான். 2020-இல் சென்னை கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து பிரம்மாண்டமான ஓவியங்களைத் தீட்ட வைத்தன. பெயிண்ட் விற்பவர் சுவருக்கு வண்ணம் கொடுத்தால் அதில் ஒரு பொருத்தம் தெரிகிறது. நீங்களோ முறுக்குக் கம்பி உருட்டுகிறவர். கம்பி கட்டும் கதை உங்களுக்குக் கைவந்திருக்கலாம், அதைச் சுவரில் வரைய முடியாது. பழவேற்காட்டுப் பனையோலைப் பின்னலை எடுக்கலாமா? வேண்டாம். அந்தப் பெண்கள் பெட்டிக்கு விலை சொல்வார்கள். விலை கொடுத்து வாங்கினால் அது வியாபாரம், அறம் ஆகாது.

எல்லா வகையிலும் சௌகரியமானது தெருக்கூத்துதான். மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், புஜக்கீர்த்தி, மார்புப் பதக்கம், சிவப்பு முகம், முறுக்கிய மீசை. ஆண்டறிக்கையின் அட்டைக்கு இதைவிடத் தோதான படம் கிடைக்காது. பள்ளிப்பட்டு, திருத்தணி, ஊத்துக்கோட்டைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும்போது பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும் என்று நாள்கணக்கில் ஓடும். அங்கே போய்ப் பார்த்து வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டால் இந்தக் கையேடு உங்களுக்குப் பயன்படாமல் போய்விடும்.

கூத்தில் ஒரே ஒரு குறை உண்டு, அது நீளம். இரவு பத்து மணி வாக்கில் களரி கட்டினால் விடியற்காலை ஆறு மணிக்குத்தான் மங்களம். சிப்காட்டில் மூன்றாவது ஷிப்டின் நேரமும் கிட்டத்தட்ட அதேதான். ஒரே ஊரில் பிறந்த இரண்டு பேரில் ஒருவன் உலைக்கு முன்னாலும் இன்னொருவன் திரைக்குப் பின்னாலும் ஒரே எட்டு மணி நேரம் வியர்க்கிறார்கள். உலைக்காரனுக்கு மிகைநேரச் சம்பளம் உண்டா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் உங்கள் சிறப்பு விருந்தினர் எட்டரைக்குள் அண்ணா நகர் திரும்ப வேண்டும். எனவே கூத்து வாத்தியாரைக் கூப்பிட்டு, "நாற்பது நிமிஷத்துல முடிச்சிடலாம்ல?" என்று கேளுங்கள். அவர் மறுக்க மாட்டார், தலையை மட்டும் சொறிவார். எதை வெட்டுவது என்று அவருக்குத் தெரியாமல் போகலாம். உங்களுக்குத் தெரியும்: கூத்தின் கோமாளியான கட்டியக்காரனை. அர்ச்சுனனும் துரியோதனனும் ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தியவர்கள், அவர்களால் ஆபத்து இல்லை. கட்டியக்காரன்தான் திடீரென்று இந்த ஊருக்கு வந்துவிடுவான். ஏரியில் ஏன் நுரை வருகிறது என்று துரியோதனனிடமே கேட்பான்.

என்ன கூத்து போடுவது? கர்ண மோட்சம் போடச் சொல்லுங்கள். கொடையாளரின் கதை, உங்கள் தலைவர் மனம் குளிர்வார். ஆனால் கர்ணனைப் பற்றி ஊரில் ஒரு கதை உலவுகிறது, அது மேடைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ணன் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து தானம் கேட்டார். இடது கையிலிருந்த பொற்கிண்ணத்தை அப்படியே இடது கையாலேயே நீட்டிவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, வலது கைக்கு மாற்றுவதற்குள் மனம் மாறிவிட்டால் என்ன செய்வது என்றானாம். கர்ணனிடம் குழுத் தீர்மானம் இல்லை. வாங்கியவரிடம் சமூகப் பொறுப்பு நிதி பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு இல்லை, வரிவிலக்குக்கான 12ஏ இல்லை, 80ஜி இல்லை. இன்றைய நிலையில் அவன் கொடுத்தது கணக்கில் ஏறாது.

இங்கேதான் நாம் படிவத்துக்கு வருகிறோம். கலை வளர்ப்பின் உயிர் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனிப் பணத்தை வாங்கிச் செயல்படுத்தும் அமைப்பு அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். கூத்து ஜமா என்பது பதிவு செய்த சங்கம் அல்ல. வாத்தியார், அவர் மச்சான், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம், பின்பாட்டுக்கு இருவர், வேஷக்காரர்கள், ஒரு டெம்போ. வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்தால் ஆட வரும் கூட்டம். அவர்களிடம் மூன்று வருடத் தணிக்கை அறிக்கை கேளுங்கள். இருக்காது. எனவே இடையில் ஒரு தொண்டு நிறுவனம் வேண்டும். அதற்கு மேடை போடத் தெரியாது, ஆகவே ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் வேண்டும். அவருக்குக் கூத்து தெரியாது, ஆகவே ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும். நிர்வாகச் செலவு ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. பயப்படாதீர்கள். எல்.இ.டி. திரையும் டிரோன் கேமராவும் பொன்னாடையும் பூங்கொத்தும் நிர்வாகச் செலவு அல்ல, திட்டச் செலவு. இவ்வளவும் போக மிஞ்சுவது வாத்தியாருக்கு. அதையும் ஒரு மாதம் கழித்து, ரசீது கொடுத்த பிறகு.

வாத்தியார் நிரப்ப வேண்டிய படிவம் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. வாத்தியார் பாரதத்தின் பதினெட்டு நாள் போரையும் ஏட்டைப் பார்க்காமல் பாடுவார். இருந்தாலும் நான்கு பக்கப் படிவத்துக்கு முன்னால் அவரைத் திணற வைக்கும்போதுதான் அவருக்குத் திறன் வளர்ப்பு தேவை என்பது நிரூபணமாகும். கேள்விகளைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டி வந்தால் உரையாடல் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பயனாளிகள் எத்தனை பேர் வாத்தியாரே?"

"ஊரே வரும் சார்."

"எண்ணாச் சொல்லுங்க."

"மழை வந்தா கம்மி சார்."

"சரி, திட்டத்துக்கு முன்னாடி அவங்க நிலைமை என்ன? திட்டத்துக்கு அப்புறம் என்ன மாற்றம்?"

"முன்னாடி தூங்கிட்டு இருந்தாங்க சார். அப்புறம் முழிச்சிட்டு இருந்தாங்க."

இந்தப் பதிலை அப்படியே எழுதிவிடாதீர்கள். கலையின் பயனைப் பற்றி இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதியதில்லை, மதிப்பீட்டாளர் திகைத்துப் போவார்.

திறன் வளர்ப்பு என்றேன் அல்லவா, அதற்கும் காரணம் உண்டு. ஒருமுறை மட்டுமே நடக்கும் நிகழ்ச்சிகள், பரிசளிப்புகள், மாரத்தான் போன்றவை சமூகப் பொறுப்புச் செலவில் சேராது என்று 2014 ஜூனிலேயே மத்திய அரசு சுற்றறிக்கை விட்டுவிட்டது. உங்கள் ஊழியர்களுக்கு மட்டுமே பயன்படுவதும் சேராது. ஆகவே பொங்கலுக்குக் கேன்டீன் வாசலில் வைத்த ஒரு மணி நேரக் கூத்தைக் கணக்கில் காட்ட முடியாது. அதையே பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நகர்த்தி, முன்னால் ஒரு பயிலரங்கும் பின்னால் ஒரு சான்றிதழும் ஒட்டி, 'பாரம்பரிய நிகழ்த்துகலை வழி விழிப்புணர்வுத் திட்டம்' என்று பெயர் வைத்தால் தோற்றமே மாறிவிடும். பாஞ்சாலி கூந்தலை முடியும் இடத்தில் பிளாஸ்டிக் ஒழிப்பைப் பற்றி இரண்டு வரி பாடச் சொல்லுங்கள். பாடுவார். அந்த ராத்திரிக் கூலி அவருக்கு வேண்டும்.

காலண்டர் விஷயத்தில் இயற்கையே உங்களுக்கு உதவியாக இருக்கிறது. கூத்துக்காரர்களின் பருவம் பங்குனியில் சூடுபிடித்துச் சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று ஓடும். உங்கள் நிதியாண்டு முடிவதோ மார்ச் 31, பங்குனியின் நடுவில். அவர்கள் ஆடத் தொடங்கும்போது உங்கள் பணம் முடிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெம்போ அசையாமல், உடை பெட்டிக்குள் பூஞ்சை பிடித்து, வாத்தியார் வட்டிக்கு வாங்கும்போது, உங்கள் குழு அந்த ஆண்டுக்கான திட்டத்தைப் பரிசீலித்துக்கொண்டிருக்கும். இரண்டும் எங்கேயும் முட்டிக்கொள்ளாது.

பெயர்ப்பலகையில் மட்டும் சிக்கனம் காட்டாதீர்கள். இந்த மாவட்டத்திலேயே உங்களுக்கு முன்னோடி இருக்கிறார். திருவள்ளூருக்கு மேற்கே திருவாலங்காடு, இறைவன் காளியோடு போட்டியிட்டு ஊர்த்துவ தாண்டவம் ஆடிய ரத்தினசபை. அந்தக் கோயிலுக்குப் பழையனூர் என்ற கிராமத்தை முதலாம் ராஜேந்திர சோழன் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் 31, முத்திரை வைத்த வளையத்தில் கோத்தவை. வடமொழிப் பகுதி முழுக்கச் சோழர் குலப் பெருமை. தாத்தா, அவருக்குத் தாத்தா, சூரியன் வரைக்கும் போகிறது. உங்கள் ஆண்டறிக்கையில் தலைவரின் உரை நீளம் என்று யாராவது சிரித்தால் திருவாலங்காட்டைக் காட்டுங்கள். ஆனால் தமிழ்ப் பகுதியைக் காட்டாதீர்கள். கொடுத்த நிலத்தின் எல்லை எது, பிடிசூழ்ந்தது எப்படி என்று அதில் வரி வரியாக இருக்கிறது. பெருமையையும் பாடிக்கொண்டார், நிலத்தையும் கொடுத்தார் என்று தெரிந்துவிடும்.

ஊர்க்கூத்திலும் கொடையாளர் பெயரைச் சொல்லும் வழக்கம் உண்டு. யாரோ ஒருவர் எழுந்துபோய்ப் பத்து ரூபாயை நீட்டினால், கட்டியக்காரன் யுத்தத்தையே நிறுத்திவிட்டு, இன்னார் மகன் இன்னார் பத்து ரூபாய் அன்பளிப்பு என்று கூவி, வாழ்த்திவிட்டு மறுபடி யுத்தத்துக்குப் போவான். பத்து ரூபாய்க்கு இந்த மரியாதை கிடைக்கிற இடத்தில் இருபதடி பேனர் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பிராண்டு என்றால் என்னவென்று தெரியாது.

பெயர் சம்பந்தமாக ஓர் எச்சரிக்கை. ஆண்ட்ரூ கார்னகியும் உங்களைப் போல எஃகுக்காரர்தான். நியூயார்க்கில் அவர் பணத்தில் எழுந்த இசை அரங்கு 1891-இல் திறந்தது. அடுத்த ஆண்டே ஹோம்ஸ்டெட் ஆலையில் வேலைநிறுத்தம், கூலிப்படையோடு மோதல், உயிர்ப்பலி. இன்றும் அரங்கில் பெயர் இருக்கிறது, ஆலையின் கதையும் கூடவே இருக்கிறது. சாக்லர் குடும்பத்துக்கு அந்த அதிர்ஷ்டமும் வாய்க்கவில்லை. ஓபியாய்டு மாத்திரையில் வந்த பணம் என்று கலைஞர்களே அருங்காட்சியகத்துக்குள் படுத்துப் போராடியதில், 2021 டிசம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தன் காட்சிக்கூடங்களிலிருந்து அந்தப் பெயரைக் கழற்றிவிட்டது. ஆகவே புகைபோக்கியைப் பற்றி ஊர்க்காரர்கள் மனு கொடுத்திருக்கிற வருஷத்தில் பேனரைக் கொஞ்சம் சின்னதாக அடியுங்கள்.

கடைசியாக, எக்காரணம் கொண்டும் பின்பற்றக் கூடாத சில முன்னுதாரணங்கள்.

முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். யார் எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை கல்லில் வெட்டியிருக்கிறது. ஒருவர் இறந்தாலோ வெளியேறினாலோ அந்தப் பங்கைத் தகுதியுள்ள உறவினர் பெற்றுக்கொள்ளலாம், இல்லையென்றால் தகுதியானவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. ஓராயிரம் ஆண்டு முன்பே பயனாளிகள் பட்டியலை முகவரியோடு வெளியிட்டவன். அந்தப் பெண்களைக் கேட்டுத்தான் குடியேற்றினானா என்று நான் கேட்பேன். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: நெல்லுக்குக் காலக்கெடு ஏன் வைக்கவில்லை?

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இன்னும் மோசம். பணம் கொடுத்ததோடு நிற்காமல் கருத்தும் வைத்திருந்தார். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்றார், 1943-இல் தமிழிசைச் சங்கம் வந்தது, வித்வான்கள் முகம் சுளித்தார்கள், பத்திரிகைகளில் சண்டை. சண்டை வருகிற மாதிரி ஒரு நிலைப்பாட்டை எந்த அறக்கட்டளையாவது எடுக்குமா? 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் புரவலரைத் தேடாமல், பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். இந்தச் செய்தி பரவினால் நம் பிழைப்பு என்னாவது?

உங்களுக்கு நேர் எதிரான உதாரணம் காஞ்சிபுரம் பக்கம் இருக்கிறது. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் மற்றக் கலைஞர்களும் சேர்ந்து 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். 2002-இல் புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலம். பகலில் பள்ளிப் பாடம், கூடவே கூத்து, ஆணும் பெண்ணும் சேர்ந்து. தலைமுறை தலைமுறையாக ஆண்களே ஆடிய களரியில் சிறுமிகள் கிரீடம் கட்டி இறங்கினார்கள். நன்கொடைகளைத் திரட்டித்தான் நடத்தினார்கள். 2020-இல் பள்ளி மூடப்பட்டது. ஒரு கூத்தாடி உருவாகப் பத்து வருஷம் ஆகும். பன்னிரண்டு மாதத் திட்ட அறிக்கைக்குள் அதை எப்படி அடக்குவது?

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன், கையேட்டின் நோக்கத்துக்கு விரோதம்தான். மார்ச் 31-ஐச் சட்டத்தின் தலையில் போட முடியாது. தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மேலும் மூன்று ஆண்டுகள் நீளும் தொடர் திட்டங்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. செலவழியாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனிக்கணக்கில் போட்டு, தொடர்ந்து அதே வேலைக்குச் செலவிடலாம். பிப்ரவரியில் ஓடுவதும் நாற்பது நிமிஷத்துக்கு வெட்டுவதும் நம் சோம்பேறித்தனம், சட்டத்துக்கு அதில் பங்கில்லை.

இன்றுவரை இந்தப் பக்கத்தில் கூத்தை நிற்க வைத்திருப்பது தலைக்கட்டு வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கிறது, ஆட்டம் சரியில்லை என்றால் அடுத்த வருஷம் வேறு ஜமாவைக் கூப்பிடுகிறது. அந்த வசூலைச் சிப்காட் வந்த பிறகும் நிறுத்தவில்லை. நிலம் போன வீட்டிலிருந்தும் காசு வருகிறது, ஒப்பந்தக் கூலிக்குப் போகிற பையனிடமிருந்தும் வருகிறது. இந்தப் புரவலர்களுக்கு மாற்றாக உங்களை யாரும் கேட்கவில்லை. இவர்களால் முடியாத இடத்தில்தான் உங்கள் பணத்துக்கு வேலை இருக்கிறது. மழைக்கால நான்கு மாதங்களுக்குப் பயிற்சி எடுக்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும் உதவித்தொகை, சொல்லிக் கொடுக்கும் வாத்தியாருக்குச் சம்பளம், தேய்ந்த கிரீடத்துக்குப் பதில் புதியது, முகவீணை வாசிக்க இன்னும் ஒருவன். படம் எடுக்க இதில் ஒன்றும் இருக்காது.

பெங்களூரில் 1993-இல் தொடங்கிய இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், கலைஞர்களின் விண்ணப்பங்களை எந்த இந்திய மொழியிலும் வாங்குகிறது. கும்மிடிப்பூண்டியில் இருக்கிற உங்களுக்கு ஒரு மொழி போதும், எல்லையோரம் என்பதால் வேண்டுமானால் தெலுங்கும் சேர்த்து இரண்டு. இந்த வருஷப் படிவத்தையாவது தமிழில் அச்சடியுங்கள்.